நாற்பத்தோரு கதவு எண்கள்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. உள்ள போக முடியாது, லேடீஸ் மட்டும்தான். உங்க வீட்டம்மா இப்பத்தான போனாங்க, எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். பட்டுப் புடவைதான? ஃபால்ஸ் வச்சு, ஓரம் அடிச்சு, குஞ்சம் கட்டி, மடிப்பு எடுத்து, அயர்ன் பண்ணி, அப்புறம் வாசப்படில நின்னு பேசி. பேசறதுக்குத் தனியா கால் மணி நேரம் வச்சுக்கங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது வீடு சார். கடை இல்ல. வெளிய போர்டு பாத்திருப்பீங்க, அது நான் வச்சதில்ல. நான் தணிகாசலம். கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருஷம் இருந்து, கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆனவன். உள்ள மிஷின்ல உக்காந்திருக்கறது என் சம்சாரம், மரகதவல்லி. போன வாரம் ஒருத்தர் என்ன வாட்ச்மேன்னு நினைச்சுக்கிட்டு, பைக்கைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போறார். பாத்துக்கிட்டேன். என்ன பண்றது, வெயில்ல நின்னிருந்துச்சு.

இந்தத் தெருவ இப்பப் பாக்கறீங்களே, போன வருஷம் சித்திரையில வந்து பாத்திருக்கணும். செல்லையா காலனி ரெண்டாவது தெருன்னா மத்தியானம் ரெண்டு மணிக்குக் காக்கா கத்தறது மட்டும்தான் கேக்கும். இப்பக் கேக்குதா? எதுத்தாப்ல ஜூஸ் கடை மிக்ஸி, அதுக்குப் பக்கத்துல செல்போன் ரிப்பேர், மூலையில மண்டபம். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். இது குடியிருப்புத் தெரு, குடியிருப்புத் தெருவாவே இருக்கணும். அதுக்காகத்தான் அவ்வளவும் பண்ணேன். நான் பண்ணதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. இந்தத் தெருக்காரங்களுக்குத்தான் புத்தி இல்ல.

அந்த மூலையில மண்டபம்னேனே, அது கோமதிநாயகத்தோடது. பஜார்ல பாத்ரூம் குழாய் விக்கறவன். வாஷ் பேசினும் கம்மோடும் வித்து வித்து, ஒரு நாள் அந்தாளுக்கு மண்டபம் கட்டணும்னு ஆசை வந்துருச்சு. மினி ஹாலாம். காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம். சரி, ஆசைப்பட்டா ஊருக்கு வெளிய போய்க் கட்டு. குடியிருக்கற வீட்ட இடிச்சுட்டுக் கட்டுவேன்னா? அதுக்கு நில உபயோகம் மாத்தணும். குடியிருப்புன்னு இருக்கறத வணிகம்னு மாத்தச் சொல்லி டவுன் பிளானிங் ஆபீஸ்ல விண்ணப்பம் போட்டுட்டான். அப்படிப் போட்டா பேப்பர்ல அறிவிப்பு வரும். எட்டாம் பக்கத்துல, தொலைஞ்சு போன பத்திர விளம்பரத்துக்குக் கீழ, எறும்பு எழுத்துல வரும். ஆட்சேபணை இருந்தா இருபத்தோரு நாளைக்குள்ள எழுத்து மூலமாத் தெரிவிக்கணும்னு. இந்தத் தெருவுல அத எவன் படிச்சான்? நான் ஒருத்தன்தான் படிச்சேன். ஐம்பத்திரண்டு வீடு இருக்கற தெருவுல ஒருத்தன்.

அன்னைக்குச் சாயங்காலமே பிள்ளையார் கோயில் வாசல்ல கூட்டம் போட்டேன். அடேயப்பா, என்ன கோபம் எல்லாருக்கும். ஒன்பதாம் நம்பர் ஜெயசுதாதான் முதல்ல எந்திரிச்சா. வீட்டுல இட்லி மாவு ஆட்டி விக்கறவ. எச்சி இலைய எங்க போடுவாங்க, நம்ம வாசல்லதான போடுவாங்கன்னா. பன்னெண்டாம் நம்பர் ரெஜினா டீச்சர், ஸ்கூல்லேர்ந்து ரிட்டயர் ஆகி மாடியில ட்யூஷன் எடுக்கறாங்க, அவங்க கொட்டுமேளச் சத்தத்துல பிள்ளைங்க எப்படிப் படிக்கும்னாங்க. கார நிறுத்த இடமில்ல, ஜெனரேட்டர் புகை, ஆளாளுக்கு ஒண்ணு. நான் எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். நீங்க வாய மூடிட்டு வீட்டுக்குப் போங்க, மனு நான் பாத்துக்கறேன்னேன்.

மனு எழுதறதுன்னா என்னன்னு இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது சார். ஐயா அவர்களுக்கு வணக்கம், நான் மிகவும் கஷ்டப்படுகிறேன்னு ஆரம்பிப்பாங்க. கஷ்டத்த எவன் படிப்பான்? ஒரு நாளைக்கு இருநூறு கஷ்டம் வரும் மேஜைக்கு. பொருள் என்ன, பார்வை என்ன, எந்த அரசாணை, எந்தத் தேதி, எத்தனை இணைப்பு. இணைப்பு இருந்தா அந்த மனுவ நகர்த்தியே ஆகணும், தூக்கி ஓரமா வைக்க முடியாது. எங்கிட்ட புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் குடுத்ததே இதுதான். இணைப்பு இல்லாத மனு மனுவே இல்ல.

கையெழுத்துத் தாள் தனியா எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேன். மனுவ ஒருதரம் படிச்சிட்டுப் போடுங்கன்னேன். சொன்னேன் சார், சத்தியமாச் சொன்னேன். சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு, பேரும் கதவு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. கோமதிநாயகம் வீட்டத் தவிர ஐம்பத்தோரு கையெழுத்து. என் வீட்டுக்கு நான் போட்டேன். மரகதத்துக்கிட்ட கேக்கல. வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான, அதான் நான் போட்டுட்டேனே.

அப்புறம்தான் இணைப்பு. என்ன இணைப்பு வைக்கலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பப் பிடிபட்டுச்சு. இந்தத் தெருவுல ஏற்கெனவே வீட்டுக்கு வீடு ஏதாவது ஒண்ணு விதிய மீறி நடந்துக்கிட்டிருக்கு. இத்தனை விதிமீறல் இருக்கற இடத்துல மண்டபம் வேற வந்தா தெரு தாங்காதுன்னு புள்ளிவிவரத்தோட காட்டினா அதிகாரி அசந்துருவான். எந்தக் குடியிருப்போர் சங்கம் சார் இப்படி ஒரு இணைப்பு வச்சிருக்கு? ஒண்ணு காட்டுங்க.

பத்து நாள், காலையில வாக்கிங் போறப்ப நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். நான் எதையும் மறைக்கல. வாசல்ல நின்னு நேராக் கேட்டேன். என்னம்மா ஜெயசுதா, எத்தனை கிரைண்டர் வச்சிருக்கேன்னேன். மூணு சார்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போய்க் காமிச்சா. எழுந்து நடக்க முடியாத புருஷன் கட்டில்ல படுத்திருக்கான், அவன் தலைமாட்டுல ஒண்ணு, சமையக்கட்டுல ரெண்டு. ஒரு கிண்ணத்துல மாவு போட்டுக் குடுத்து, தோசை ஊத்திப் பாருங்க சார், சோடா போடறதே இல்லன்னா. ஊத்திப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரெஜினா டீச்சர் காபி குடுத்து, காலையில ஒரு பேட்ச், சாயங்காலம் ரெண்டு பேட்ச்னு கணக்காச் சொன்னாங்க. எல்லாருக்கும் சொல்றதுல அவ்வளவு பெருமை. என்னமோ நான் பட்டயம் குடுக்கப் போறேன்னு நினைச்சுச்சுங்க போல. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

பட்டியல் அழகா வந்துச்சு சார். கதவு எண் ஒன்பது, மாவு அரைவை. பன்னெண்டு, தனிப்பயிற்சி. பதினாலு, காம்பவுண்டுக்குள்ள கறிவேப்பிலை மரம், கொத்து விற்பனை. இருபத்தொண்ணு, நாய்க்குட்டி. இருபத்தாறு, ஊறுகாய். முப்பத்தெட்டு, டிடிபி, ஜெராக்ஸ். ஒவ்வொண்ணுக்கும் எதுத்தாப்ல வணிக நோக்கில்னு போட்டேன். மொத்தம் நாப்பத்தோரு இனம். அத டைப் அடிச்சுக் குடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? அதே முப்பத்தெட்டாம் நம்பர் அம்மாதான். தன் வீட்டையும் சேத்தே அடிச்சுக் குடுத்தா. படிச்சாத்தான? ஒரு எழுத்துப் பிழை இல்ல, அத ஒத்துக்கறேன்.

பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு. நடுவுல பதினேழு இந்த வீடு. இங்க என்ன இருக்கு எழுதறதுக்கு? அவ ஏதோ பொழுது போகாம அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தச்சுக் குடுப்பா, குஞ்சம் கட்டிக் குடுப்பா. ஒரு பதினாறு வருஷமா. முகூர்த்த மாசம்னா ஒரு நாளைக்கு இருபது முப்பது புடவை வரும், அஞ்சு மணிக்கே எழுந்து உக்காருவா. என் பொண்ணு காலேஜ் சேர்றப்ப என் பிஎஃப் பணம் வர ஆறு மாசம் ஆச்சு, அப்ப அவதான் பாத்துக்கிட்டா. அதுக்காக அதத் தொழில்னு எழுத முடியுமா? அது ஒரு கை வேலை.

மனுவக் குடுத்து, முத்திரை வச்ச ரசீது வாங்கிட்டு வந்தேன். வைகாசி கடைசி. தலைய நிமித்திக்கிட்டு நடந்தேன் சார் இந்தத் தெருவுல. கோமதிநாயகம் எதுக்க வந்தான், சிரிச்சான். நான் சிரிக்கல.

ஆனி முடியறப்ப நோட்டீஸ் வந்துச்சு. கோமதிநாயகத்துக்கு இல்ல. நாப்பத்தோரு வீட்டுக்கும். ரெண்டு பேர் வந்து ஒவ்வொரு கேட்டுலயும் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி வணிகப் பயன்பாடு, முப்பது நாட்களுக்குள் நிறுத்தத் தவறினால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும். பார்வைன்னு போட்டு, திரு தணிகாசலம் அவர்களின் மனு, இணைப்பு ஒன்றுன்னு என் பேரு. நோட்டீஸ ஒழுங்கா எழுதியிருந்தாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா நான் கேட்டது இதையா? மண்டபத்த நிறுத்துன்னு கேட்டேன். இணைப்பு ஆதாரத்துக்கு வைக்கறது. ஆதாரத்துமேலயா நடவடிக்கை எடுப்பாங்க?

அன்னைக்கு இதோ இந்த கேட்டுக்கு வெளிய முப்பது பேர் நின்னாங்க. ஜெயசுதா முன்னால வந்தா. கையில நோட்டீஸ் இருந்துச்சு, சத்தமே போடல.

"சார், அன்னைக்கு மாவு வாங்கிட்டுப் போனீங்களே. அப்ப எங்க வீட்ட எழுதி முடிச்சுட்டுத்தான் வாங்கினீங்களா?"

என்ன கேள்வி சார் இது? எழுதறதுக்குத்தான வந்தேன். மாவு அவளாக் குடுத்தது. நான் கேட்டேனா?

ரெஜினா டீச்சர், படிச்சவங்க, அவங்களாவது விஷயத்தப் புரிஞ்சுக்குவாங்கன்னு பாத்தேன். அவங்க, "உங்க பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறப்ப எங்கிட்டத்தான சார் வந்துச்சு, வணிக நோக்கில்னு எப்படி எழுதத் தோணுச்சு"ன்னு கேக்கறாங்க. நான் சொன்னேன், ஃபீஸ் வாங்கினீங்கல்ல டீச்சர், அப்ப அது வணிகம்தானன்னு. சரியாத்தான சொன்னேன்? அதுக்கு அந்தம்மா கண்ணத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. பதில் சொல்லத் தெரியாதவங்க எல்லாம் அழ ஆரம்பிச்சா எப்படி?

கோமதிநாயகம் இருக்கானே, குழாய் விக்கறவன், அவனுக்குப் புத்தி ஓடினத சொல்லணும். மறுநாளே எல்லாரையும் தன் வீட்டு மாடிக்குக் கூப்பிட்டு டீயும் சமோசாவும் குடுத்தான். ரெண்டு மாசம் முன்னால இவன் மண்டபம் கூடாதுன்னு கத்தின அதே வாய்ங்க, அவன் குடுத்த சமோசாவத் தின்னுச்சு. அவன் சொல்லியிருக்கான், நான் என் ஒரு வீட்டுக்குத்தான் கேட்டேன், இப்ப எல்லாரும் சேந்து தெரு முழுசையும் கலப்புக் குடியிருப்பா மாத்தச் சொல்லிக் கேப்போம்னு. கலப்புன்னா வீடும் இருக்கலாம், கடையும் இருக்கலாம். மாத்திட்டா நோட்டீஸ் செல்லாது. அவ்வளவுதான், போட்டுட்டாங்க கையெழுத்து. அந்த மனுவ நான் பாத்தேன் சார். ஒரே பக்கம். பொருள் கிடையாது, பார்வை கிடையாது, ஐயா வணக்கம்னு ஆரம்பிச்சிருக்கு. இணைப்பு மட்டும் இருந்துச்சு. என்ன இணைப்பு தெரியுமா? என்னோடது. என் இணைப்ப ஜெராக்ஸ் எடுத்து வச்சு, ஐம்பத்திரண்டு வீட்டில் நாற்பத்தொன்றில் ஏற்கெனவே தொழில் நடந்து வருவது இதன் மூலம் தெளிவாகிறதுன்னு எழுதியிருக்கான். நான் பத்து நாள் நடந்து எடுத்த பட்டியல்.

அந்த மனு வந்ததால நோட்டீஸ அப்படியே நிறுத்தி வச்சுட்டு, ஆவணியில விசாரணைன்னு தேதி போட்டாங்க. அதுவரைக்கும் தெருவுல ஒருத்தரும் எங்கூடப் பேசல. நான் அதப் பெருசா எடுத்துக்கல. ஆபீஸ்ல இருந்தப்பவும் எங்கூட யாரும் பேசமாட்டாங்க, வேலை நடக்கும். ஆனா மரகதத்துக்கிட்டயும் பேசறத நிறுத்திட்டாங்க. எல்லார் வீட்டையும் எழுதினவர் தன் வீட்ட மட்டும் தாண்டிப் போயிட்டார்னு பேச்சு. புடவை வர்றது நின்னு போச்சு. ஆடி மாசம்தான, கல்யாணம் கிடையாது, அதனால வரலன்னு நான் நினைச்சேன். ஆவணி பொறந்தும் வரல. மிஷினத் துணி போட்டு மூடி வச்சிருந்தா. வீடு நிம்மதியா இருக்குன்னு கூட நான் சொன்னேன் அவகிட்ட.

ஒரு நாள் வந்து, "அந்த லிஸ்ட்டக் கொஞ்சம் குடுங்க"ன்னா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஒண்ணுலேர்ந்து கடைசி வரைக்கும் விரல் வச்சுப் படிச்சா. இந்தத் தெருவுல அத முழுசாப் படிச்சது அவ ஒருத்திதான், அத ஒத்துக்கணும்.

"பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வருதே"ன்னா.

"பதினேழு நம்ம வீடு"ன்னேன்.

"நம்ம வீட்டுல ஒண்ணும் இல்லியா?"

"என்ன இருக்கு?"

தாள மடிச்சு மேஜைமேல வச்சுட்டு எழுந்து போயிட்டா. ஊரே நோட்டீஸ வச்சுக்கிட்டுப் பயந்து கிடக்கு, நம்ம கேட்டுல ஒண்ணும் ஒட்டல, அதுக்குச் சந்தோஷப்பட வேண்டாமா சார் ஒரு பொம்பளை?

விசாரணை அன்னைக்குக் காலையில பதினோரு மணி. டவுன் பிளானிங் ஆபீஸ் மாடியில ஒரு ஹால். அதிகாரி ஒரு சின்னப் பொண்ணு. என் பொண்ணு வயசு கூட இருக்காது. தெருவே வந்து உக்காந்திருக்கு. மரகதமும் வந்திருந்தா. நான் பஸ்ல முன்னாலயே போயிட்டேன், அவ எப்ப வந்தாளோ, ரெண்டாவது வரிசையில ஜெயசுதா பக்கத்துல உக்காந்திருந்தா. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்காள்னு நினைச்சேன்.

நான் எழுந்து இருபது நிமிஷம் பேசினேன். அரசாணை, விதி, உட்பிரிவு, எல்லாம் மனப்பாடம். அந்தப் பொண்ணு பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு என்ன சொல்லுது தெரியுமா?

"சார், வீட்டுல ட்யூஷன் எடுக்கறது, தையல், இந்த மாதிரி சின்ன வேலைங்களுக்கெல்லாம் குடியிருப்புப் பகுதியிலயே விதி இடம் குடுக்குது. நீங்க எல்லாத்துக்கும் நேரா வணிக நோக்கில்னு எழுதிக் குடுத்துட்டீங்க. எழுத்துல வந்தா நாங்க நோட்டீஸ் குடுத்துத்தான் ஆகணும். நீங்க வெறும் மண்டபத்துக்கு மட்டும் ஆட்சேபணை குடுத்திருந்தா, ஐம்பத்தோரு கையெழுத்து, அன்னைக்கே மண்டப விண்ணப்பத்த நிராகரிச்சிருப்போம்."

எனக்கே பாடம் எடுக்குது. நான் சர்வீஸ்ல சேந்தப்ப அதோட அம்மா ஸ்கூல் போய்ட்டிருந்திருப்பா. பின்னாடி எல்லாரும் என் முதுகையே பாக்கறாங்கன்னு தெரிஞ்சுச்சு. நான் திரும்பல.

அப்புறம் ஏதோ தாளப் புரட்டிட்டு, "பதினேழாம் நம்பர் வீடு உங்க பேர்ல இல்லியே சார்"னு கேட்டுச்சு. என் சம்சாரம் பேர்லதான் மேடம், அவங்கப்பா குடுத்த மனைன்னேன். அது ஒரு விஷயமா? நாப்பது வருஷமா நான்தான எல்லாத்துலயும் கையெழுத்துப் போடறேன். அது விடல. ஆட்சேபணைய உரிமையாளர்தான் சொல்லணும், வந்திருக்காங்களான்னு கேட்டுச்சு.

மரகதம் எழுந்து நின்னா.

நான் கையக் காட்டினேன், அவர் சொல்றதுதான் என் கருத்துன்னு சொல்லிட்டு உக்காருன்னு. பாத்தா சார், என்னப் பாத்தா. பாத்துட்டு அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பினா.

"வீடு என் பேர்லதாம்மா இருக்கு. எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல. ஆனா அந்த லிஸ்ட்டுல ஒரு வீடு விட்டுப் போயிருக்கு. எழுதிக்கங்க. கதவு எண் பதினேழு, புடவைக்கு ஃபால்ஸ் வைக்கறது, குஞ்சம் கட்டறது. பதினாறு வருஷமா நடக்குது."

அந்தப் பொண்ணுக்கே ஒண்ணும் புரியல. "இதுல எழுதினா உங்களுக்கும் நோட்டீஸ் வரலாம்மா"ன்னு சொல்லுச்சு.

"வரட்டும்மா. எல்லாருக்கும்தான வந்திருக்கு."

அது பேனாவ எடுத்து, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல, ஓரத்துல நெருக்கி, கையால எழுதுச்சு. என் இணைப்புல சார். முப்பத்தி நாலு வருஷத்துல என் கோப்புல எவனும் ஒரு எழுத்துத் திருத்தினதில்ல. மரகதம் உக்காந்தா. ஜெயசுதா அவ கையப் பிடிச்சுக்கிட்டா. ரெஜினா டீச்சர் பின் வரிசையிலேர்ந்து எழுந்து வந்து அவங்க பக்கத்துல உக்காந்தாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். உக்காருங்க சார்னு அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு.

வர்றப்ப அவங்க மூணு பேரும் ஒரு ஆட்டோவுல வந்தாங்க. நான் பஸ்ல வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இத வீட்டுலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, நாலு பேர் முன்னால எதுக்கு இப்படிப் பண்ணேன்னு. மிஷின்மேல இருந்த துணிய மடிச்சுக்கிட்டே, "வீட்டுல கேக்கறதுக்கு யாரு இருந்தா"ன்னா. நான் இருந்தேனே சார். ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து அவளுக்கு எட்டடி தள்ளி இதே மேஜையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்னப் பாத்து யாரு இருந்தாங்கறா.

மறுநாளே புடவை வர ஆரம்பிச்சுருச்சு. முதல் புடவை ஜெயசுதாவோடது. அவ கல்யாணப் புடவையாம், ஃபால்ஸ் கிழிஞ்சிருந்துச்சாம். நல்லா இருக்கற ஃபால்ஸப் பிரிச்சுட்டு எடுத்துட்டு வந்தாள்னு எனக்குச் சந்தேகம்.

தை மாசம் ஆணை வந்துச்சு. தெரு முழுக்கக் கலப்புக் குடியிருப்பு. நோட்டீஸ் எல்லாம் ரத்து. கோமதிநாயகம் மண்டபம் கட்டிட்டான், எச்சி இலை எங்க வருதுன்னு ஜெயசுதாகிட்டக் கேளுங்க, அவ வாசல்லதான் வருது. கேட்டா கூட்டித் தள்ளிட்டுப் போறேன், அதுக்கென்னங்கறா. ரெஜினா டீச்சர் கொட்டுமேளம் வர்ற நாள்ல ட்யூஷன மரகதத்தோட முன் ரூமுல நடத்தறாங்க. என் மேஜை கார் ஷெட்டுக்கு வந்துருச்சு. இப்ப நீங்க உக்காந்திருக்கற இடம் கார் நிக்க வேண்டிய இடம் சார். கார் கிடையாது, அது வேற.

நான் விடறதா இல்ல. இந்த ஆணைமேல மேல்முறையீடு பண்ணலாம். செகரட்டேரியட் வரைக்கும் போகலாம், வழி இருக்கு, எனக்கு அந்த வழி அத்துப்படி. ஒரே சிக்கல், வீட்டு உரிமையாளர் கையெழுத்து வேணும். வேற வீட்டுல எவனும் போடமாட்டான். அப்ப மரகதம்தான் போடணும். கேட்டேன். நான் கேக்க மாட்டேன்னு நினைச்சிருப்பா, கேட்டேன். முடியாதுன்னு சொல்லுவா, நாலு வார்த்தை திட்டலாம்னு தயாரா இருந்தேன்.

"போடறேன்"னா சார். "எழுதிட்டு வாங்க, போடறேன். ஆனா போடறதுக்கு முன்னால எனக்கு எதுக்க உக்காந்து, என் முகத்தப் பாத்துப் படிச்சுக் காட்டுங்க. எங்கெங்க என்னென்ன தப்பு நடக்குதுன்னு எழுதியிருக்கீங்களோ, எல்லாத்தையும்."

இதென்ன பெரிய விஷயம்னு அன்னைக்கே உக்காந்தேன். நாலு மாசம் ஆச்சு. இதோ பாருங்க, இது ஒன்பதாவது தடவை எழுதினது, இது பத்தாவது. அனுப்புநர், மரகதவல்லி, கதவு எண் பதினேழு. அது வரைக்கும் சரியா வருது. அடுத்து, எங்கள் தெருவில் சட்டவிரோதமாகன்னு ஆரம்பிக்கணும். வேற எப்படியும் ஆரம்பிக்க முடியாது, அதான் முறை. எழுதிட்டு, இந்தக் கம்பி ஜன்னல் வழியாப் பாப்பேன். கண்ணாடி மூக்குல வழுக்கிட்டு இருக்கும், வாயில நூலக் கடிச்சுக்கிட்டு யாரோ ஒரு பொண்ணோட கல்யாணப் புடவையில குனிஞ்சிருப்பா. எனக்கு நாக்கு எழாது சார். சொல்றதுக்கென்ன, வெக்கமா இருக்கு. தாளக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி அனுப்புநர்லேர்ந்து ஆரம்பிப்பேன். எத்தனை ஆயிரம் மனு எழுதியிருப்பேன், ஒண்ணு கூட எனக்கு முதல் வரியில நின்னு போனதில்ல.